பல்தடக் காந்தநாடா ஒலிப்பதிவுக் கருவிகள்: தெரிவும் பராமரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டு அங்குல நாடாவில் இயங்கும் பழைய பல்தட ஒலிப்பதிவுக் கருவியைத் தெரிவுசெய்வதில் நிறுவனப் பெயரைவிடக் காந்தத்தலையின் நிலையே முதன்மையானது என்பதையும், சீரமைப்பில் நேரும் பிழை பதிவிலேயே நிலைத்துவிடுவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காந்தநாடா, பல்தடப் பதிவு, காந்தத்தலை, பயாஸ், ஒலிக் காப்பகம்

முன்னுரை

1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் இசைக்கலைஞர் லெஸ் பாலுக்கு 8 தடக் கருவியொன்றை உருவாக்கி அளித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் பீட்டில்ஸ் குழுவினர் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பை இலண்டனில் பதிவுசெய்தது ஸ்டூடர் நிறுவனத்தின் 4 தட ஜே37 கருவிகளில்தான். 1970களில் 2 அங்குல நாடாவில் 24 தடம் என்பது பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களின் வழக்காயிற்று. கணினிவழிப் பதிவு பரவியபின் இக்கருவிகளின் உற்பத்தி நின்றுபோனது. எனினும் நாடாவின் ஒலித்தன்மையை விரும்பும் கூடங்களும், மூலநாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும் காப்பகங்களும் இவற்றை இன்றும் நாடுகின்றன. காப்பகங்களுக்கு இது விருப்பம் சார்ந்ததன்று. அந்நாடாக்களிலுள்ள ஒலியைப் பெற அவற்றுக்கு வேறு வழியில்லை.

தடமும் வேகமும்

ஒரே 2 அங்குல நாடாவில் 16 தடங்கள் அமையும்போது ஒவ்வொன்றும் சுமார் 1.8 மி.மீ. அகலம் பெறும், 24 தடங்களாயின் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. தட அகலம் இருமடங்கானால் ஒலிக்கும் இரைச்சலுக்குமான இடைவெளி சுமார் 3 டெசிபல் கூடும். இதனாலேயே 16 தடக் கருவிகளுக்கு இன்றும் மதிப்புண்டு. வேகமும் செலவோடு பிணைந்தது. 2500 அடி நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடங்கள் ஓடும். 30 அங்குல வேகத்தில் அதில் பாதியே. விரைவு கூடினால் இரைச்சல் குறையும். ஆனால் தாழ் அதிர்வெண் ஒலிகளின் செழுமை கருதி 15 அங்குலத்தையே விரும்புவோரும் உளர்.

காந்தத்தலையும் இயக்கமும்

வாங்குவோர் முதலில் ஆராய வேண்டியது காந்தத்தலை. நாடா உராய உராய அதன் முகப்பு தட்டையாகி, இறுதியில் காந்த இடைவெளி விரிந்துவிடும். உயர் அதிர்வெண்கள் மங்கும். தேய்ந்த முகப்பைச் செதுக்கிச் சீராக்கலாம். ஆயினும் அதற்கும் வரம்புண்டு. 24 தடத் தலைத்தொகுதி அரிதும் விலைமிக்கதுமாதலால், மலிவாகக் கிடைக்கும் கருவி இறுதியில் பெருஞ்செலவுடையதாக மாறுவது பெரும்பாலும் இங்குதான்.

மின்னணுப் பகுதியில் ஓர் எளிய சோதனை உண்டு. தடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே வகை மின்னட்டை இருப்பதால், பழுதான தடத்தின் அட்டையை நல்ல தடத்தின் அட்டையோடு இடமாற்றிப் பார்க்கலாம். பழுது அட்டையோடு நகர்ந்தால் குறை அட்டையிலுள்ளது; அதே தடத்தில் நின்றால் தலையையோ கம்பியிணைப்பையோ ஐயுற வேண்டும். முன்னது பழுதுபார்க்கத்தக்க செய்தி. பின்னது வாங்கலாமா என்று மறுபடி எண்ண வைக்கும் செய்தி. முதுமையால் உலர்ந்த மின்தேக்கிகளை, குறிப்பாக மின்வழங்கிப் பகுதியில் உள்ளவற்றை, மாற்ற வேண்டிவரும் என்பதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நாடாவை நகர்த்தும் முறையும் கருவிக்குக் கருவி வேறுபடும். ஸ்டூடர் ஏ80 கருவியில் இரப்பர் உருளை நாடாவைச் சுழல்தண்டோடு அழுத்திப் பிடிக்கும். ஓட்டாரி எம்டிஆர்-90 கருவியில் அவ்வுருளையே இல்லை. ஆகவே இறுகிப்போன இரப்பரை மாற்றும் வேலையும் இல்லை.

சீரமைப்பு

ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் தலைகளையும் நாடா வழிகாட்டிகளையும் துடைப்பது அன்றாடப் பணி. காந்தநீக்கம் கூடுதல் கவனம் கோருவது. கருவியை நிறுத்தி, நாடாக்களை அப்பால் வைத்து, காந்தநீக்கியைத் தொலைவில் இயக்கி மெல்ல நெருங்கி மெல்ல விலக வேண்டும். தலையருகிலேயே அதை அணைத்துவிட்டால் நீக்கவந்த காந்தம் தலையில் மிகுதியாகப் பதிந்துவிடும்.

சீரமைப்பில் வரிசை மாறலாகாது. அளவுநாடாவை ஓட்டி முதலில் வாசிப்புத் தலையின் சாய்வையும் ஒலியளவையும் சரிசெய்ய வேண்டும். அதன்பின்னரே பதிவுப் பகுதி. பயாஸ் எனப்படும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே சென்றால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி உச்சமடைந்து பிறகு தாழும். அந்நாடாவுக்கும் வேகத்துக்கும் உரிய அளவு தாழ்ந்ததும் நிறுத்த வேண்டும். வாசிப்புத் தவறாக அமைந்திருந்தால், அதையே அளவாகக் கொண்டு பதிவு திருத்தப்படும். அந்தக் கூடத்தில் எல்லாம் சரியாகவே ஒலிக்கும். நாடா வேறு கூடத்தை அடையும்போதுதான் குறை புலப்படும். நாடாவின் தொடக்கத்தில் அளவொலிகளைப் பதியும் வழக்கம் இதனால் எழுந்தது. அவற்றைச் சேர்க்காமல் விட்ட நாடாவைப் பின்னாளில் திறப்பவர் ஊகத்தால்தான் இயங்க வேண்டும்.

பழைய நாடா

1970களின் நடுப்பகுதி முதல் பயன்பட்ட ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களின் பாலியூரித்தேன் பிணைப்பு, காற்றின் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுக்கும். அந்நிலையில் ஓட்டினால் காந்தப்பூச்சு உரிந்து தலையில் படியும். உரிந்த பூச்சோடு ஒலியும் போய்விடும். சுமார் 54 பாகை செல்சியசில் எட்டு மணிநேரமோ அதற்கு மேலோ சூடேற்றினால் நாடா சிலகாலம் ஓடும் நிலைக்கு மீளும். 2 அங்குல நாடாவுக்குக் கூடுதல் நேரம் தேவை. அசிடேட் நாடாக்களை இவ்வாறு சூடேற்றலாகாது, அவை உருக்குலைந்துவிடும். எனவே நாடாவின் வகையை உறுதிசெய்யும்வரை அதைக் கருவியில் ஏற்றாதிருப்பதே முறை.