ஊழியருக்கு 31 சதவீதம், நிறுவனருக்கு 15: பெங்களூரு காட்டும் வரிக் கணக்கு

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

பெங்களூரு: ஓசூர் சாலை வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் பேருந்தில் செல்லும் மென்பொருள் ஊழியருக்கும், அவர் பணிபுரியும் நிறுவனத்தைத் தொடங்கியவருக்கும் வருமான வரிச் சட்டம் ஒன்றுதான். ஆனால், ஊழியரின் வரி சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடித்தம் செய்யப்பட்டு விடுகிறது. நிறுவனருக்கோ வரியை எப்போது கட்டுவது, எந்த விகிதத்தில் கட்டுவது என்பதைப் பெருமளவு தாமே தீர்மானிக்கும் வசதி உள்ளது.

இதில் சட்ட மீறல் ஏதுமில்லை. வரி ஏய்ப்பு குற்றம். சட்டம் தரும் சலுகையைப் பயன்படுத்துவது உரிமை. அந்தச் சலுகைகள் ஒவ்வொன்றையும் வழங்கியது நாடாளுமன்றமே என்பதுதான் கவனிக்கத்தக்கது.

விற்கும் வரை வரியில்லை: இந்நகரின் புதுச் செல்வத்தில் பெரும்பகுதி பங்குகளில் உருவானது. 1981-ல் தொடங்கப்பட்டு 1993-ல் பங்குச் சந்தைக்கு வந்த இன்ஃபோசிஸ் இதற்கு முன்னோடி. பங்கின் விலை நூறு மடங்கு உயர்ந்தாலும், விற்கும் வரை உரிமையாளருக்கு வருமானம் எதுவும் கிடைத்ததாகச் சட்டம் கருதுவதில்லை.

விற்றாலும் சுமை குறைவு. பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து சந்தையில் விற்றால், 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை ஆதாயத்துக்கு வரியே இல்லை; சிறு அளவிலான பங்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே. இவ்வாறு விலக்குப் பெற்ற ஆதாயம் 2017-18 மதிப்பீட்டு ஆண்டின் கணக்குகளின்படி சுமார் ரூ. 3.67 லட்சம் கோடி என்றும், அதில் பெரும்பகுதி நிறுவனங்களுக்குச் சேர்ந்தது என்றும் 2018 பட்ஜெட் உரையில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி தெரிவித்தார். அதன் பின்னரே 10 சதவீத வரி வந்தது. 2024 ஜூலையில் அது 12.5 சதவீதமானது.

2025-26 நிதியாண்டின் விகிதங்களை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். புதிய வரி முறையில் ரூ. 24 லட்சத்துக்கு மேற்பட்ட சம்பளப் பகுதிக்கு செஸ் உள்பட 31.2 சதவீதம் வரி. பல நூறு கோடி ரூபாய்க்குப் பங்கு விற்பவருக்கு, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்தாலும், 14.95 சதவீதத்தைத் தாண்டாது. நீண்டகால ஆதாயத்தின் மீதான கூடுதல் வரிக்கு 15 சதவீதம் என உச்சவரம்பு இருப்பதே காரணம்.

வீடு வாங்கினால் விலக்கு: 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54எஃப் பிரிவு, பங்கு போன்ற சொத்தை விற்ற முழுத் தொகையையும் குறித்த காலத்துக்குள் ஒரு வீட்டில் முதலீடு செய்தால் ஆதாய வரியிலிருந்து விலக்கு அளித்தது. வீடு கட்டுவதை ஊக்குவிக்க வகுத்த சலுகை இது. ஆனால், விலைக்கு உச்சவரம்பு இல்லாததால், ரூ. 100 கோடிக்குப் பங்கு விற்றவர் கோரமங்களாவில் அதே தொகைக்கு மாளிகை வாங்கினாலும் விலக்கு முழுமையாகக் கிடைத்து வந்தது. 2023 பட்ஜெட்தான் இதற்கு ரூ. 10 கோடி என வரம்பு கட்டியது.

ஈவுத்தொகையிலும் இதே கதைதான். நிறுவனம் விநியோக வரி செலுத்தியதால், பெற்றவருக்கு வரியில்லை என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2016-ல் ரூ. 10 லட்சத்துக்கு மேல் பெறுவோருக்கு 10 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஆனால் தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம், கூட்டாண்மை நிறுவனம் என்று மட்டுமே சட்டம் குறிப்பிட்டதால், அந்தப் பட்டியலில் இல்லாதோருக்கு வழி திறந்திருந்தது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. 2020 முதல் ஈவுத்தொகை பெறுவோரின் வருமானத்துடன் சேர்க்கப்படுகிறது.

வாரிசுக்கும் சுமையில்லை: இறந்தவரின் சொத்து மீது 1953 முதல் விதிக்கப்பட்ட எஸ்டேட் வரியை 1985-ல் வி.பி. சிங் நீக்கினார். நன்கொடை வரி 1998-லும், சொத்து வரி 2015-லும் விடைபெற்றன. நெருங்கிய உறவினருக்குத் தரும் பரிசுக்கும், அவர்கள் நலனுக்கான குடும்ப அறக்கட்டளைக்கு மாற்றும் சொத்துக்கும் பெறுபவர் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆகவே, தந்தை விற்காத பங்கு, வரி காணாமலேயே மகனிடம் சேர்கிறது.

நீக்கப்பட்ட வரிகளால் கிடைத்தது சொற்பம், வசூல் செலவோ அதிகம் என்பது அரசுகளின் வாதம். 2013-14-ல் சொத்து வரியாக நாடு முழுவதும் வசூலானது ரூ. 1,008 கோடி மட்டுமே என்பது உண்மை. ஆனால் 1993 முதல் பங்குகளே அந்த வரி வரம்புக்குள் இல்லை. வலையில் பெரிய கண்களை வைத்துவிட்டு மீன் சிக்கவில்லை என்று சொன்னால் எப்படி?

நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டிய லாபத்துக்குப் பங்குதாரரிடம் மீண்டும் முழு விகிதம் கேட்பது நியாயமல்ல என்ற எதிர்வாதத்திலும் பொருள் உண்டு. எது சரி என்பதை விவாதித்து முடிவு செய்ய வேண்டிய இடம் மக்களவை.

அங்கு நடந்தது என்ன? 14 ஆண்டு கால விலக்கை முடிவுக்குக் கொண்டுவந்த 2018 நிதி மசோதா, அந்த ஆண்டு மார்ச் 14-ல் அமளிக்கிடையே, விவாதமின்றி, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நிதி மசோதா பண மசோதாவாக வருவதால், மாநிலங்களவை பரிந்துரைக்கலாமே தவிரத் திருத்த முடியாது.

வரிச் சலுகைகளால் அரசு இழக்கும் தொகை குறித்த அறிக்கை 2006-07 முதல் பட்ஜெட்டுடன் தாக்கல் செய்யப்படுகிறது. எந்தச் சலுகை எந்த வருமானப் பிரிவினருக்குச் சென்றது என்ற கேள்வியை அதை வைத்துக்கொண்டு எந்த உறுப்பினரும் எழுப்பலாம். ஓசூர் சாலை ஊழியரின் சம்பளச் சீட்டு மாதந்தோறும் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பிக் கொண்டிருக்கிறது.