புதுக் கணினியின் உள்ளே ஓர் அனல்

புதுப் பொருள் வீட்டிற்கு வந்தால் அதன் குறை எளிதில் நம் கண்ணிற் படுவதில்லை, ஆசை மறைத்துவிடுகின்றது. பல்கலைக்கழகம் புகும் எமது மகளுக்கென அண்மையில் மடிக்கணினி ஒன்று வாங்கினோம். கொள்ளளவு போதாதெனக் கருதி, பெரியதொரு சேமிப்பகத்தையும் கடையிலேயே பொருத்துவித்தோம். பழைய கணினியிலிருந்த குடும்பப் படங்களை அதில் ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் வேகம் தளர்ந்தது. அடிப்பாகமோ கை வைக்க இயலாதவாறு கொதித்தது. பதினைந்து ஆண்டு நினைவுகள் பாதி வழியில் நின்றன!

இவ்வனல் எங்கிருந்து எழுகின்றது? சுழலும் தட்டுகளின் இடத்தை இன்று 'எஸ்.எஸ்.டி.' எனும் சேமிப்பகம் பிடித்துள்ளது. பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடைய மெல்லிய அட்டையே அது. பழைய 'சாட்டா' இணைப்பு நொடிக்கு 600 மெகாபைற்றுக்கு மேல் இடங்கொடாது. நான்காந் தலைமுறைப் 'பிசிஐஇ' இணைப்பிலே விரைவான சேமிப்பகங்கள் 7,000 மெகாபைற்றையும் எட்டுகின்றன. அவ்வேகத்திற்கு நாம் கொடுக்கும் விலையே வெப்பம். தரவை வழிநடத்தும் கட்டுப்பாட்டுச் சில்லே பெரிதும் சூடாகின்றது.

வீட்டுக் கணினிகளுக்கான சேமிப்பகங்கள் பலவற்றிற்கும் 70 பாகை செல்சியசு வரையே இயங்கு வெப்பநிலையாகக் குறிக்கப்படுகின்றது. சூடு மிகுந்தால் சேமிப்பகம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் வண்டி மாடு நடை தளர்வது போன்றதே இது. வேலையின்போது சூடேறுவது இயல்பு. முதற் சில நாட்களில் புதுப்பிப்புகளும் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பணியும் மறைவில் நடப்பதாலும் வெப்பம் கூடும். ஆனால், ஓய்விலும் சூடு தணியாதாயின் அங்கே பிழை உண்டு.

விண்டோஸ் 11 இல், அமைப்புகளின் சேமிப்பகப் பகுதியில், அச்சாதனத்தின் பண்புகளைத் திறந்தால் பல கணினிகளில் வெப்பநிலை தெரியும். 'கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ' எனும் இலவச மென்பொருளும் காட்டும். மெத்தைமேல் வைத்திருந்த கணினியை முதலில் மேசைக்கு மாற்றினோம். அடியிலுள்ள காற்றுத் துளைகள் திறந்தன. சூடு சிறிதே தணிந்தது. ஓய்விலிருந்தபோதும் 65 பாகை!

நாமே திறந்தால் உத்தரவாதம் கெடுமென அஞ்சிக் கடைக்கே கொண்டு சென்றோம். காரணம் அங்கே வெளிப்பட்டது. சேமிப்பகத்தின் வெப்பத்தை உலோகத் தகட்டிற்குக் கடத்தும் மென்பட்டையில், ஒட்டுமுன் உரிக்கவேண்டிய பிளாஸ்ரிக் தாள் அப்படியே இருந்தது. அதை உரித்து மீண்டும் பொருத்தியதும் ஓய்வுநிலை வெப்பம் 45 பாகைக்கு இறங்கியது.

வாசகர்கள் மறவாதிருக்க வேண்டியவை சில. சூடேறினால் வேலையை நிறுத்தி ஆறவிடுங்கள். பனிக்கட்டியோ ஈரத்துணியோ வைத்தல் கூடாது. குளிர்ந்த உலோகத்திற் காற்றின் ஈரம் படிந்து உள்ளே நீராகும். எல்லாவற்றிலும் முதன்மையானது, படங்களுக்கும் பாடக்குறிப்புகளுக்கும் வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருத்தல். சுழலும் தட்டுப்போல ஓசையெழுப்பி எச்சரிக்க எஸ்.எஸ்.டி. அறியாது.

பழைய கணினியை அன்றே விற்றுவிட எண்ணியிருந்தோம். நல்ல காலம், விற்கவில்லை. இப்போது படங்கள் யாவும் புதுக் கணினியிலும் வெளிச் சேமிப்பகம் ஒன்றிலுமாக இரண்டிடத்தில் இருக்கின்றன. இனி விற்கலாம்.