பிழிசாறும் பளிங்கும்

மூலிகை என்றதும் அடுப்பிலேற்றி எட்டொன்றாய்க் காய்ச்சி வடிப்பதே நம்மவர் வழக்கு. ஆயின் காய்ச்சியமையாலேயே மருந்து கெட்ட வரலாறொன்றுண்டு. தமிழாசிரியருக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்று விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்கட்டும், இவ்வரலாற்றின் திருப்பம் பழைய நூலொன்றின் சொல்லிலே தங்கியிருத்தலின் யாம் இதிற் புகுந்தோம்.

1934-35 இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்த மலேரியாவை அடக்கப் பின்னர் வந்தது குளோரோகுயின். 1960களில் அதற்கும் கிருமி பல நாடுகளில் அடங்காதாயிற்று. 1967 இல் சீன அரசு புதுமருந்து தேடும் பணியைத் தொடங்கியது. 1969 இல் அப்பணியிற் சேர்ந்த து யூயூ என்னும் பெண்மணியார், பண்டைய மருத்துவ நூல்களிலிருந்து திரட்டிய மூலிகைகளுள் 'சிங்காவ்' என்பதும் ஒன்று. நம் மாசிபத்திரியின் இனத்தது அது. அதன் சத்து ஒருமுறை நோயை அடக்கும், மறுமுறை கைவிடும்.

காரணந் தேடிய அம்மையார், நாலாம் நூற்றாண்டினரான கே ஹோங் இயற்றிய நூலை மீண்டும் நோக்கினார். ஒரு பிடி தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அச்சாற்றைப் பருகுமாறு அங்கே விதிக்கப்பட்டிருந்தது. காய்ச்சுக என்னும் ஏவல் இல்லை. இல்லாத சொல்லைக் கொண்டும் பொருள் காண்பவர் உரையாசிரியர் அல்லரோ? அம்மையாரும் அவ்வாறே கண்டார்: வெப்பம் மருந்தைக் கெடுக்கின்றது. ஆகவே, ஏறத்தாழ 35 பாகையிற் கொதிக்கும் ஈதரினாற் சத்தை இறக்கினார். அதிலிருந்த அமிலப் பகுதி நச்சுடையது, பயனற்றது. அதனைக் காரநீராற் கழுவி அகற்றினார். எஞ்சிய நடுநிலைப் பகுதி, 1971 ஒக்டோபரில் 191 ஆம் சோதனையில், எலிகளின் குருதியிலிருந்த மலேரியாக் கிருமிகளை முற்றாக நீக்கிற்று. நோயாளருக்குக் கொடுக்குமுன் தாமும் கூட்டாளிகளும் அம்மருந்தை உண்டு பார்த்தனர். 1972 நவம்பரில் தூய பளிங்கு கிடைத்தது. அதுவே ஆட்டெமிசினின். 2015 இல் அம்மையாருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

பிரித்தெடுத்தலோடு வேலை முடிந்திலது. அப்பளிங்கு நீரிலும் நன்கு கரையாது, எண்ணெயிலும் நன்கு கரையாது. மூலக்கூற்றினுள் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் கைகோத்துப் பாலம்போல் நிற்கின்றன. கிருமி குருதியின் செந்நிறப்பொருளை உண்ணுங்கால் வெளிப்படும் இரும்பு, அப்பாலத்தை உடைக்கும். உடைவிற் பிறக்குந் துணுக்குகள் கிருமியையே தாக்கும். பாலம் போனால் மருந்தும் போயிற்று. ஆகவே அதனைத் தொடாது பிறிதோர் உறுப்பை மாற்றல் வேண்டும். 1973 இற் சோடியம் போரோவைதரைட்டினால் தாழ்த்தியபோது ஓரிடத்து ஒட்சிசன் மட்டும் ஐதரொட்சைற் கூட்டமாயிற்று, பாலம் அசையவில்லை. விளைந்த பொருளோ முன்னையதினும் வலியது! அவ்வைதரொட்சைலில் மெதைற் கூட்டத்தைப் பிணைத்தால் எண்ணெயிற் கரையும் ஆட்டெமீதர். சட்சினிக்கமிலத்தைப் பிணைத்தால் ஆட்டெசுனேற்று. பின்னையதன் சோடிய உப்பு நீரிற் கரைதலின் நாளத்தில் ஏற்றலாம். மயங்கிக் கிடப்பவன் குளிகை விழுங்குவானா? 2005 இல் வெளியான ஆசிய ஆய்வொன்றிற் கடும் மலேரியா கண்டோருட் குயினைன் பெற்றவர் நூற்றுக்கு 22 பேர் இறக்க, ஆட்டெசுனேற்றுப் பெற்றவருள் இறந்தோர் 15 பேரே.

இதனைக் கரைத்து வைத்தாற் கெட்டுவிடும். ஆதலின் தூளாகவே குப்பியில் வைத்து, ஊசி ஏற்றும் வேளையிலேதான் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலிற் கரைக்கின்றனர்.