கடல் கடந்த சர்க்காரும் நம் வீட்டுக் கவலையும்

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி ஆகிய இடங்களில், பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் இன்று அநேகம். நம் ஊர் மன்றத்தில் என்ன தீர்மானம் நிறைவேறிற்று என்று அறியாத பெரியவர்களும், வாஷிங்டனில் என்ன உத்தரவு பிறந்தது என்று பொழுது விடியுமுன் விசாரிக்கிறார்கள். பெற்ற மனம், குறை கூறுவதற்கில்லை. ஆனால் உத்தரவைக் கேட்டு நடுங்குகிறவர்களில், அதைப் பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டா, அதைத் தடுக்க வல்லவர் யார் என்பதை அறிந்தவர் சிலரே. அந்த அறிவு சற்று இருந்தால் பாதிக் கவலை குறையும் என்பது நமது அபிப்பிராயம்.

நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியை உதறியவர்கள் அமெரிக்கர்கள். 1776-இல் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். 1787-இல் பிலடெல்பியா நகரில் கூடி அரசியல் சட்டம் வகுத்தார்கள். ஒரு மன்னரிடம் பட்ட பாட்டை மறவாமல், அதிகாரத்தை மூன்று கூறாக்கினார்கள். சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நிறைவேற்றுவது ஜனாதிபதி, சட்டத்தின் பொருளைத் தீர்மானிப்பது நீதிமன்றம். இங்கே காங்கிரஸ் என்பது கட்சியன்று. அவர்களுடைய பார்லிமெண்டின் பெயர்.

நமது பிரதம மந்திரிக்கு லோக்சபையின் நம்பிக்கை போனால் பதவியும் போகும். அமெரிக்க ஜனாதிபதியோ காங்கிரஸில் அங்கத்தினரே அல்லர். அவருடைய மந்திரிகளும் அல்லர். அங்கே எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை வாய்த்தாலும், குற்றம் சாட்டி விசாரித்து நீக்கினாலன்றி, நான்கு வருஷம் அவர் ஆசனத்தை அசைக்க முடியாது.

காங்கிரஸில் இரண்டு சபைகள். ஜனத்தொகைப்படி அமைந்த பிரதிநிதி சபையில் 435 பேர். அவர்கள் பதவிக்காலம் இரண்டே வருஷம். செனட் சபையில் ராஜ்யத்துக்கு இருவராக 100 பேர், ஆறு வருஷம். மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இருவர்தாம். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இருவர்தாம்! செனட்டுக்குத் தலைவர் உப ஜனாதிபதி. இரு பக்கமும் வோட்டுச் சமமானால் மட்டுமே அவருக்கு ஒரு வோட்டு உண்டு. நம் பெசன்ட் நகரில் வாழ்ந்த பி. வி. கோபாலன் அவர்களின் பேத்தி கமலா ஹாரிஸ், 2021 முதல் 2025 வரை அப்பதவியில் இருந்து, அந்த வோட்டை 33 தடவை போட்டார். அவருக்கு முன் எந்த உப ஜனாதிபதியும் அத்தனை முறை போட்டதில்லை.

ஜனாதிபதித் தேர்தல் பலரைக் குழப்பும் விஷயம். நம் ஊர் உதாரணம் உதவும். தாம்பரம் மாநகராட்சி 2021-இல் உண்டாயிற்று. 2022 பிப்ரவரியில் 70 வட்டங்களின் ஜனங்கள் கவுன்ஸிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கவுன்ஸிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவிலும் ஜனங்களுக்கும் ஜனாதிபதிக்கும் நடுவே 538 வாக்காளர் அடங்கிய ஒரு குழு உண்டு; 270 வாக்குகள் பெற்றவர் ஜனாதிபதி. ஆனால் இக்குழுவினர் கூடி யோசிப்பவர்கள் அல்லர். இன்னாருக்கே வாக்களிப்போம் என்று முன்பே சொல்லி வந்தவர்கள். பெரும்பாலான ராஜ்யங்களில் ஒரு வோட்டு அதிகம் பெற்றவருக்கே அந்த ராஜ்யத்தின் வாக்குகள் அனைத்தும் சேரும். ஆகவேதான் 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதிலும் 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் வோட்டுப் பெற்றும், டொனால்ட் டிரம்ப் ஜனாதிபதியானார். 2024-இல் டிரம்ப் 312 வாக்குகளும் கமலா ஹாரிஸ் 226 வாக்குகளும் பெற்றனர்.

இனி நம் வீட்டுக் கவலைக்கு வருவோம். 2025 ஜனவரி 20-ந் தேதி ஜனாதிபதி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். தற்காலிக விசாவில் உள்ள தாய்க்கு அங்கே பிறக்கும் குழந்தை, தகப்பனும் பிரஜையாகவோ நிரந்தர வாசியாகவோ இல்லாவிட்டால், இனி அமெரிக்கப் பிரஜையாகாது என்பது அதன் சாரம். பேரனை எதிர்நோக்கியிருந்த வீடுகளில் எவ்வளவு கலக்கம்! ஆனால் அம்மண்ணில் பிறந்தவர் பிரஜை என்பது 1868-இல் அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்ட விதி. சீனத் தாய் தகப்பனுக்கு ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்த ஒருவர் விஷயத்தில், 1898-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. ஆகவே உத்தரவு பிறந்த மூன்றாம் நாளே ஸியாட்டில் நகரத்து நீதிபதி ஒருவர் அதை நிறுத்தி வைத்தார். ஒரு நீதிபதி தேசம் முழுவதுக்கும் தடை விதிக்கும் வழக்கத்தை ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு குறுக்கியது; ஜூலையில் மற்றொரு நீதிபதி, குழந்தைகள் அனைவரையும் ஒரே வகுப்பாகக் கொண்டு மீண்டும் தடை விதித்தார்.

அதே வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி, 'எச்-1பி' விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தது. விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் பலர் அரைகுறையாய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். மறுநாளே, புது விண்ணப்பங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று விளக்கம் வெளியாயிற்று! வருஷத்துக்கு 65,000 பேர், அங்கே மேற்பட்டம் பெற்றவர் மேலும் 20,000 பேர் என்ற எண்ணிக்கை காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் உள்ளது. அதை ஜனாதிபதி தனியே மாற்ற இயலாது. வெளிநாட்டார் நுழைவைக் கட்டுப்படுத்தச் சட்டம் தந்த அதிகாரத்தைக் காட்டியே கட்டணம் விதித்தார். அதுவும் வழக்குக்கு உள்ளாயிற்று.

ஆகவே, அடுத்த செய்தி வரும்போது மூன்று கேள்விகள் கேட்பது நலம். இது காங்கிரஸின் சட்டமா, ஜனாதிபதியின் உத்தரவா? யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து? நீதிமன்றம் என்ன சொல்லிற்று? மூன்றுக்கும் விடை தெரியும் வரையில் டிக்கெட்டை மாற்ற வேண்டாம். பிள்ளையை நள்ளிரவில் எழுப்பவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வாஷிங்டன் தேர்தலில் நமக்கு வோட்டு இல்லை, தாம்பரத்தில் உண்டு. நம் தெருச் சாக்கடைக்கும் ஏரிக்கரைக்கும் பொறுப்பு யாருடையது என்று இதே கேள்விகளை இங்கும் கேட்டு, நம் வட்டத்துக் கவுன்ஸிலர் பெயரையாவது குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போமாக.