அலுமினியச் சக்கரத்தின் தூய்மையும் காப்பும்

மோட்டார் வண்டியின் சக்கரத்தைக் கழுவுதல் ஒரு கட்டுரைக்குரிய பொருளாகுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். இரசாயன வகுப்பிற் கற்ற பாடம் கல்லூரி வாயிலைக் கடந்து வீட்டு முற்றத்திற் பயன்படும் இடங்களுள் இதுவும் ஒன்றாதலின், இதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அன்றியும், யாமே ஒருமுறை பிழை செய்து, அதன் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தறிந்தோம். பிறர் அப்பிழையினின்றுந் தப்புதல் வேண்டும் என்னும் ஆசையும் எம்மை எழுதத் தூண்டிற்று.

அப்பிழை வருமாறு: எம் உறவினர் ஒருவர் கடற்கரைச் சாலை வழியாக நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து எம் இல்லம் வந்தார். வெள்ளிபோல் மின்னும் இயல்பினவான அவர் வண்டியின் சக்கரங்கள் அன்று கரி பூசியவைபோற் காணப்பட்டன. அவருக்கு உதவி செய்யும் எண்ணத்தால், எம் பாட்டியார் பித்தளைக் குடம் விளக்கும் முறையைப் பின்பற்றி, புளியுஞ் சாம்பலும் இட்டுத் தேங்காய் நாரால் அவற்றை அழுந்தத் தேய்த்தோம். கரி நீங்கிற்று, ஒளியும் உடன் நீங்கிற்று. சில திங்கள் கழித்து அவ்வண்டி மீண்டும் வந்தபொழுது, தேய்த்த இடங்களில் வெண்பொடி பூத்திருந்தது. மேற்பூச்சின்கீழ் நூலிழை போன்ற கோடுகள் வளைந்து வளைந்து ஓடியிருந்தன. உறவினர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவர் சொல்லாமையே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று. பித்தளைக்கு நன்மை செய்தது இதற்குத் தீமை செய்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை காணுமிடத்து, சக்கரத்தைக் காக்கும் வழியும் உடன் புலப்படும்.

அலாய் சக்கரம் என்று உலகோர் வழங்குவது பெரும்பாலும் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டதாம். வார்ப்புச் சக்கரங்களுக்குப் பெரிதும் பயன்படும் கலவையில், நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு சிலிக்கனும், ஒரு பங்கிற் பாதிக்குங் குறைவான மக்னீசியமும் உள்ளன. சிலிக்கன், உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெங்கும் எளிதிற் பாய உதவும். மக்னீசியம், வார்த்தபின் செய்யப்படும் வெப்பப் பக்குவத்தால் உலோகம் உறுதி பெற உதவும்.

அலுமினியம் நெடுங்காலம் அரும்பொருளாய் இருந்தது. டென்மார்க்கு தேசத்து எர்ஸ்டெட் என்பார் 1825ஆம் ஆண்டில் இதனை முதன்முதற் பிரித்தெடுத்தார். 1884ஆம் ஆண்டில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் இவ்வுலோகத்தாலாய சிறு கூம்பு ஒன்று வைக்கப்பட்டது. ஓபர்லின் கல்லூரியில் 1885இற் பட்டம் பெற்ற சார்லஸ் மார்ட்டின் ஹால் என்னும் இளைஞர், தம் ஆசிரியர் ஜூவெட் என்பாரின் ஊக்கத்தோடு ஆராய்ந்து, அடுத்த ஆண்டே மின்சாரத்தால் இதனை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டார். அதே 1886இல் பிரான்சு தேசத்து எரூ என்பாரும் அவ்வழியைத் தனித்துக் கண்டார். ஒரு கல்லூரி மாணவரின் விடாமுயற்சி உலோகம் ஒன்றனை உலகினர்க்கெல்லாம் உரித்தாக்க உதவியமை, மாணவர்களாகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கதன்றோ? பின்னர் 1924ஆம் ஆண்டில், லியோன் நகரில் நிகழ்ந்த பந்தயத்திற்குப் புகாட்டி நிறுவனத்தார் கொணர்ந்த 35ஆம் வகை வண்டி, வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு தோன்றிற்று.

இரும்பைக் காற்றும் நீருஞ் சேர்ந்து தின்னும். அதன் துரு உதிர உதிர உள்ளிரும்பு வெளிப்பட்டு மேலும் துருவேறும். அலுமினியத்தின் இயல்போ வேறு. அறுத்த மாத்திரத்தில் அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி ஆக்ஸைடு என்னும் மெல்லிய தோலை உண்டாக்கிக்கொள்ளுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகளே இத்தோலின் கனம். ஆயினும் இது இறுகப் பற்றி நின்று, உள்ளுலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் தானே மீண்டும் தோன்றுகிறது.

இத்துணைச் சிறந்த தோலுக்கும் ஒரு குறையுண்டு. அமிலமும் அதனைக் கரைக்கும். காரமும் அதனைக் கரைக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட நடுநிலையிலேதான் அது நிலைத்து நிற்கும். அலுமினியப் பாத்திரத்திற் புளிக்குழம்பை இரவெல்லாம் வைத்திருத்தலாகாது என்று இல்லத்தார் கூறுவதன் உண்மை இதுவே. புளியில் டார்டாரிக் அமிலம் உண்டு. சாம்பலிற் பொட்டாசியங் கார்பனேட்டு என்னுங் காரப்பொருள் உண்டு. பித்தளைக் குடத்தை விளக்குங்கால் களிம்பேறிய மேற்பரப்பு கரைந்து புதுவுலோகம் வெளிப்படுதலே வேண்டப்படுவது. அலுமினியத்திலோ அம்மேற்பரப்பே காவல். காவலனையே யாம் துரத்தினோம்.

இவ்வியற்கைத் தோலின்மேல், நிறப்பூச்சும் அதற்குமேல் நிறமற்ற மெருகுப் பூச்சும் இட்டே சக்கரங்களைப் பெரும்பாலும் விற்கின்றனர். தேங்காய் நாரால் யாம் முதலிற் கிழித்தது இம்மெருகையேயாம். அக்கிழிசல் வழியே ஈரமும் உப்பும் புகுந்தன. உப்பிலுள்ள குளோரைடு ஆக்ஸைடுத் தோலை ஆங்காங்கே துளைக்க வல்லது. அவ்வாறு தொடங்கிய அரிப்பு, மெருகின் அடியிற் புழு ஊர்ந்தாற்போல் இழையிழையாகப் பரவும். ஆதலாற் கடற்காற்று வீசும் ஊர்களிலும், உவர்நீரால் வண்டி கழுவுமிடங்களிலும் இதற்கு அஞ்சுதல் வேண்டும். இது அழகுக் குறை மாத்திரமன்று. டயரின் விளிம்பு சக்கரத்தோடு பொருந்துமிடத்தில் அரிப்பு ஏறினால், அங்கே காற்று சிறிது சிறிதாகக் கசியும். காற்றுக் குறைந்த டயர் விரைந்த ஓட்டத்தில் உயிருக்கே கேடு விளைக்கலாம்.

இனிச் சக்கரத்திற் படியுங் கரி யாதெனின், அதிற் பெரும்பகுதி பிரேக்கிலிருந்து வருவது. பிரேக்கை அழுத்துங்கால், வார்ப்பிரும்புத் தட்டும் அதனைப் பற்றும் கட்டையும் உராய்ந்து நுண்பொடியாக உதிர்கின்றன. சூடான இரும்புப் பொடி மெருகின்மேல் ஒட்டி, ஈரம் பட்டதும் துருவேறிப் பழுப்புப் புள்ளிகளாகிறது. நிறுத்தும்பொழுது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரங்களிலேயே இக்கரி மிகுதியாக இருக்கும். உடனுக்குடன் கழுவினால் நீரோடு போகும். பல வாரம் விடுத்தால் ஊன்றிக்கொள்ளும். எனவே, வலிய மருந்தைத் தேடவேண்டிய நிலை நம் சோம்பலால் வருவதேயாம்.

வலிய மருந்துகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியம். கடையில் விற்கும் சக்கரத் துப்புரவு நீர்களுட் சில, ஹைட்ரோபுளோரிக் அமிலத்தையோ, அதனை விளைக்கும் அம்மோனியம் பைபுளோரைடையோ கொண்டவை. அவை கரியை நொடியிற் போக்கும்; ஆக்ஸைடுத் தோலையும் போக்கும். அவற்றினுங் கொடியது, கழுவுகிறவர் கைக்கு அவை செய்யுந் தீங்காம். நீர்த்த நிலையில் இவ்வமிலம் கையிற் பட்டால் அப்பொழுது எரிச்சல் தோன்றாமலும் இருக்கலாம். பல மணி நேரங் கழித்தே கடும் வலி தோன்றும். அதற்குள் அது தோலை ஊடுருவி, உடம்பிலுள்ள கால்சியத்தோடு கூடிச் சதையையும் எலும்பையும் கெடுக்கும். மிகுதியாக உட்புகுந்தால் இருதயத்தின் இயக்கத்தையும் நிறுத்தவல்லது. கையிற் பட்டது தெரிந்தால், உடனே நிறைந்த நீரால் நெடுநேரங் கழுவி, வலி இல்லையென்று காத்திராமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கால்சியங் குளுக்கொனேட்டுக் களிம்பே இதற்கு மருத்துவர் இடும் மருந்து. கூலிக்குக் கழுவும் சிறுவனுக்குப் புட்டியில் எழுதியிருப்பதை வாசிக்க இயலாமற் போகலாம். அவன் கையில் அதனைக் கொடுப்பவர் வாசித்தறிதல் கடனன்றோ?

நல்ல முறை எளியது. முதலாவது, சக்கரமும் பிரேக்கும் ஆறியிருத்தல் வேண்டும். சூட்டில் மருந்து காய்ந்து கறை விடும். பிரேக்குத் தட்டிற் குளிர்ந்த நீரைக் கொட்டுதலும் நன்றன்று. இரண்டாவது, வண்டியின் உடலுக்கு முன் சக்கரத்தைக் கழுவுக. சக்கரத்திற்கெனத் தனி வாளியுந் தனித் துணியும் வைத்துக்கொள்ளுக. இரும்புப்பொடி ஏறிய துணி வண்டியின் வண்ணத்தைக் கீறிவிடும். மூன்றாவது, நீரைப் பாய்ச்சித் தளர்ந்த அழுக்கைப் போக்கியபின், காரமற்ற வண்டி ஷாம்புவை நீரிற் கலந்து, மென்மயிர்த் தூரிகையால் ஆரங்களின் இடையிலும் உட்புறத்திலும் மெல்லத் தேய்க்க. துணி துவைக்கும் சோடாவும், அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் காரநீரும், இரும்பு நாரும் அணுகலாகா.

பழுப்புப் புள்ளிகள் அதற்கும் அசையாவிடின், தயோகிளைகொலேட்டு என்னும் உப்பாலாகிய இரும்புநீக்கி பயன்படும். நடுநிலையது என்று குறிக்கப்பட்டதையே வாங்குக. தெளித்த சில நிமிஷங்களில் அது இரும்போடு கூடி ஊதா நிறமாக ஒழுகும். அந்நிறமே இரும்பு கரைவதற்குச் சான்று. அது காயுமுன் நீரால் முற்றுங் கழுவிவிடுதல் வேண்டும். இதற்கும் கையுறை அணிக. ஒரு சக்கரம் முடிந்தபின்னரே மற்றொன்றைத் தொடங்குக. ஈற்றில் மெல்லிய மைக்ரோபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க. தானே உலரவிட்டால், உவர்நீரின் உப்பு வெண்புள்ளியாகத் தங்கும். வண்டியை மீண்டும் எடுக்கும்பொழுது, மெல்லச் செலுத்தி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தி, அதன் ஈரத்தைப் போக்கிக்கொள்ளுக.

உலோகம் மெருகேற்றும் பசை எல்லாச் சக்கரத்திற்கும் ஏற்றதன்று. பூச்சற்ற வெற்றுலோகத்திற்கே உரியது. எவ்வகை என்று அறிய, மறைவான ஓரிடத்தில் அப்பசையைச் சிறிது தொட்டு வெண்துணியால் தேய்த்துப் பார்க்க. துணி கறுத்தால் வெற்றுலோகம். கறுக்காவிடின் மெருகுப் பூச்சு உள்ளதென்க.

தூய்மைக்குப்பின் காப்பு. நன்கு உலர்ந்த சக்கரத்தின்மேல் மெழுகு பூசினால் கரி எளிதில் ஒட்டாது. ஆனால் கார்னோபா மெழுகு ஏறக்குறைய 80 டிகிரி சென்டிகிரேடைக் கடந்த சூட்டில் உருகிவிடும். பிரேக்கின் அருகே அது நெடுநாள் நில்லாது. ஆதலின் சூடு தாங்கும் செயற்கைப் பூச்சையோ, சிலிக்கன் டையாக்ஸைடாலாகிய பீங்கான் வகைப் பூச்சையோ இடுவர். எதனைப் பூசினும், பிரேக்குத் தட்டின்மேல் ஒரு துளியும் படலாகாது. பட்டால் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. சாலையோரக் கல்லில் உரசி மெருகு பெயர்ந்த இடத்தைக் காலந் தாழ்த்தாமற் பூசி மூடுக. கழுவுங்கால் வெடிப்போ வளைவோ கண்ணிற் பட்டால், அதனைப் பூச்சால் மறையாது, அத்தொழிலில் வல்லாரிடங் காட்டுக. வாரம் ஒருமுறை நாமே கழுவுவதன் பெரும்பயன் இவ்வாறு உற்று நோக்குதலேயாம்.

முடிவாகக் கூறவேண்டுவது ஒன்றே. அழுக்கைப் போக்குதல் வேறு, தூய்மை செய்தல் வேறு. அழுக்கோடு காவலையும் போக்குவது தூய்மையாகாது. யாம் அன்று புளியையுஞ் சாம்பலையும் எடுக்குமுன், இப்பொருள் எத்தன்மைத்து என்று ஒரு கணம் வினவியிருப்போமாயின், அவ்வுறவினர் முன் தலைகுனியும் நிலை வந்திராது. அவர் வண்டி இப்பொழுதும் எம் இல்லம் வருகிறது. ஒரு வாளி நீரும், சிறிது ஷாம்புவும், மெல்லிய தூரிகையுங் கொண்டு யாமே அதன் சக்கரங்களைக் கழுவுகிறோம். பழைய கோடுகள் மறையவில்லை, புதியன தோன்றவுமில்லை.