இந்த வருஷமாவது கோப்பை வருமா?

1967 முதல் காத்திருக்கும் டொரண்டோ ரசிகர்கள்

ஜெயிக்கிற அணிக்குக் கை தட்ட ஆயிரம் பேர் வருவார்கள். அது பெரிய காரியம் அல்ல. தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்குத் தலைமுறை தலைமுறையாகக் கை தட்டுகிற மக்கள் உண்டா?

உண்டு! கனடா நாட்டில், டொரண்டோ நகரத்தில் இருக்கிறார்கள்.

அவர்களுடைய ஹாக்கி அணியின் பெயர் "மேப்பிள் லீஃப்ஸ்". மேப்பிள் என்பது கனடா நாட்டு மரம். லீஃப் என்றால் இலை. கனடாவின் இன்றைய தேசியக் கொடியின் நடுவில் இருப்பதும் இந்த இலைதான். அந்தக் கொடி வந்தது 1965-ம் ஆண்டில். அதற்கு 38 ஆண்டு முன்பே, 1927-ல், டொரண்டோ அணி இலையின் பெயரைச் சூட்டிக்கொண்டுவிட்டது.

இந்த அணி கடைசியாகக் கோப்பை வாங்கியது 1967-ம் ஆண்டில். அதற்குப் பிறகு 2025 வரை கோப்பை கிடைக்கவில்லை. இறுதிப் போட்டிக்குக்கூடப் போகவில்லை!

ஆனாலும், புதிய சீசன் நெருங்கும்போது டொரண்டோ வீடுகளில் அதே கேள்வி எழுகிறது: "இந்த வருஷமாவது கோப்பை வருமா?"

பனிக்கட்டியில் ஹாக்கி

ஹாக்கி என்றதும் நமக்குத் தியான்சந்த் நினைவு வரும். பச்சைப் புல் தரை நினைவு வரும். கனடாவில் ஹாக்கி என்றால் அது பனிக்கட்டி ஹாக்கி.

200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குப் பனிக்கட்டித் தரை. அதைச் சுற்றி மரப் பலகைச் சுவர் போன்ற தடுப்பு. ஆட்டக்காரர்கள் அடியில் இரும்புக் கத்தி பொருத்திய பூட்ஸ் அணிந்து, காற்றாய்ச் சறுக்கி வருவார்கள். ஒரு பக்கத்துக்கு 6 பேர். அவர்களில் ஒருவர் கோல் கீப்பர்.

பந்து கிடையாது. "பக்" என்ற ரப்பர் வில்லையைத்தான் அடிப்பார்கள். 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். துள்ளாமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறைய வைப்பார்கள். பலசாலி ஒருவர் ஓங்கி அடித்தால் அது மணிக்கு 100 மைல் வேகத்தில்கூடப் பறக்கும்!

20 நிமிஷம் வீதம் 3 கட்டம். ஓட்டம் அவ்வளவு கடுமை. அதனால் ஓர் ஆட்டக்காரர் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகவே ஒரே மூச்சில் ஆடுவார். உடனே அவர் வெளியே வர, இன்னொருவர் உள்ளே போவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோல் விழுந்துவிடும்.

காத்திருக்கும் கோடை

குற்றாலத்துக்குச் சீசன் இருப்பது போல ஹாக்கிக்கும் சீசன் உண்டு. இலையுதிர் காலத்தில் தொடங்கும். ஒவ்வோர் அணியும் 80-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆட வேண்டும். ஏப்ரலில் அந்தக் கணக்கு முடியும்.

தேசிய ஹாக்கி லீக்கில் 2021 முதல் 32 அணிகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அவற்றில் 16 அணிகள்தான் கோப்பைச் சுற்றில் நுழையும். அதில் 4 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எதிரியை 4 முறை தோற்கடிக்க வேண்டும். மொத்தம் 16 வெற்றி! அதற்குப் பிறகே கோப்பை கைக்கு வரும்.

அந்தக் கோப்பைக்கு "ஸ்டான்லி கோப்பை" என்று பெயர். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் அதை வழங்கினார். ஜெயித்த ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கோப்பையின் மேலேயே பொறித்துவிடுவார்கள்.

ஜூன் மாதம் கோப்பை யாருக்கோ போய்விடும். ஆனால் ரசிகருடைய வேலை முடிவதில்லை. ஜூன் கடைசியில் அணிகள் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும். ஜூலையில் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் அணி மாறுவார்கள். செப்டம்பரில் பயிற்சி முகாம் தொடங்கும்.

ரசிகர் இவை எல்லாவற்றையும் கவனிக்கிறார். யார் வந்தார்? யார் போனார்? காயம் பட்டவருக்குக் குணமாகிவிட்டதா? கோலைக் காக்கப் போவது யார்? கல்யாண வீட்டுக்காரர் பந்தலையும் சமையலையும் பற்றிக் கவலைப்படுவது போல, அவர் அணியைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

சிறுமி எழுதிய கடிதம்

இப்படி ஏன் காத்திருக்கிறார்கள்? அணியின் பழைய கதை தெரிந்தால் காரணம் விளங்கும்.

1942-ம் ஆண்டு. இறுதிப் போட்டியில் டொரண்டோவும் டெட்ராய்ட்டும் மோதின. முதல் 3 ஆட்டங்களிலும் டொரண்டோ தோற்றது. இன்னும் ஒன்று தோற்றால் கோப்பை போய்விடும். "கதை முடிந்தது" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

4-வது ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் ஹாப் டே ஒரு கடிதத்தைப் பிரித்தார். எழுதியவள் 14 வயதுச் சிறுமி. டொரண்டோ அணி 4 ஆட்டத்திலும் தோற்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகவே வெட்கமாக இருக்கும் என்று அவள் எழுதியிருந்தாள். ஹாப் டே அதை ஆட்டக்காரர்களுக்குப் படித்துக் காட்டினார்.

அன்று டொரண்டோ 4-3 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் 9-3. அதற்கு அடுத்ததில் 3-0. கடைசி ஆட்டத்தில் 3-1. கோப்பை டொரண்டோவுக்கு!

இறுதிப் போட்டியில் 3 ஆட்டம் தோற்று, பிறகு 4 ஆட்டம் ஜெயித்த அணி லீக்கின் சரித்திரத்தில் இது ஒன்றுதான். "மூன்று தோற்றால் என்ன? 1942-ல் நாம் எழுந்து வரவில்லையா?" என்று ரசிகர் கேட்பதற்கு அன்றே ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது.

கோல் போட்டவர் மறைந்தார்

இன்னொரு கதை இருக்கிறது. அது நெஞ்சைப் பிழியும் கதை.

1951-ம் ஆண்டு ஏப்ரல் 21. இறுதிப் போட்டியில் எதிரி மாண்ட்ரியல் அணி. சம நிலையில் நின்றதால் கூடுதல் நேரம் ஆடினார்கள். பில் பாரில்கோ என்ற 24 வயது இளைஞர், நிலைகுலைந்து விழுந்துகொண்டே பக்கை அடித்தார். கோல்! அந்த ஒரு கோலில் டொரண்டோ கோப்பையை வென்றது. பாரில்கோ காவல் வரிசை ஆட்டக்காரர். கோல் போடுவது அவருடைய வேலையே அல்ல!

நான்கு மாதம் சென்றது. ஆகஸ்டு மாதத்தில் பாரில்கோ நண்பர் ஒருவருடன் சிறு விமானத்தில் வடக்கே மீன் பிடிக்கப் போனார். விமானம் திரும்பவில்லை. விமானப் படை நெடுந்தூரம் காடு காடாகத் தேடியது. ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு டொரண்டோவுக்குக் கோப்பையும் கிடைக்கவில்லை. ஓர் ஆண்டு அல்ல, பத்து ஆண்டுகள்!

1962 ஏப்ரலில் டொரண்டோ மீண்டும் கோப்பை வென்றது. அதே ஆண்டு ஜூன் மாதம், வடக்கு ஒண்டாரியோ காட்டில் ஒரு விமானத்தின் சிதைவை ஹெலிகாப்டர் ஓட்டி ஒருவர் தற்செயலாகப் பார்த்தார். அது பாரில்கோ போன விமானம்!

இது தற்செயல்தான். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட வேறு கதை வேண்டுமா? பாரில்கோவின் 5-ம் எண் சட்டையை 1992-ல் அணி நிரந்தரமாக ஒதுக்கி வைத்தது. வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது.

"கிழவர்கள்" வாங்கிய கோப்பை

1967-ம் ஆண்டு மே 2. கனடாவுக்கு 100 வயது நிறைந்த ஆண்டு அது. மறுபடியும் எதிரி மாண்ட்ரியல்.

டொரண்டோ அணியில் வயதானவர்கள் அதிகம். கோல் காத்த ஜானி பவருக்கு 42 வயது. இன்னொரு கோல் கீப்பர் டெர்ரி சாச்சக்குக்கு 37. "இந்தக் கிழவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. கிழவர்கள் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள்! கடைசி நிமிஷத்தில் காப்டன் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் காலி கோலுக்குள் பக்கைத் தள்ளினார். 3-1 என்று ஆட்டம் முடிந்தது.

அது டொரண்டோவின் 13-வது கோப்பை. அப்போது லீக்கில் 6 அணிகளே இருந்தன. அடுத்த சீசனில் 12 ஆயின. "14-வது கோப்பை எப்போது?" என்று அன்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். சீக்கிரம் வரும் என்றுதானே நினைத்திருப்பார்கள்!

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

1993-ல் கோப்பைக்கு மிக அருகில் போனார்கள். இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் இறுதிப் போட்டி. அந்த ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் வெய்ன் கிரெட்ஸ்கி 3 கோல் போட்டார். டொரண்டோ வீடு திரும்பியது.

2013-ல் பாஸ்டன் அணியுடன் 7-வது ஆட்டம். கடைசிக் கட்டத்தில் டொரண்டோ 4-1 என்று முன்னால் இருந்தது. இனி என்ன? ஜெயித்தாயிற்று! ஆனால் பாஸ்டன் 3 கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல். 5-4. டொரண்டோ தோற்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது!

2016-ல் ஆஸ்டன் மாத்யூஸ் என்ற 19 வயது இளைஞர் வந்தார். முதல் ஆட்டத்திலேயே 4 கோல் போட்டு ஊரை அசத்தினார். அந்த ஆட்டத்திலும் டொரண்டோ தோற்றது! 2017 முதல் 2025 வரை அணி ஒவ்வோர் ஆண்டும் சீசன் முடிவில் கோப்பைக்கான போட்டிக்குப் போனது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஆறு முறை 7-வது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. 2023-லும் 2025-லும் மட்டுமே ஒரு கட்டத்தைத் தாண்ட முடிந்தது.

ஏமாளிகளா?

"அணி தோற்றாலும் டிக்கெட் விற்றுவிடுகிறது. அப்புறம் முதலாளிக்கு என்ன கவலை? ரசிகர்கள்தான் அணியைக் கெடுக்கிறார்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டிக்கெட் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கோப்பைச் சுற்று நடக்கும்போது அரங்கத்துக்கு வெளியே பெரிய திரை முன் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்ப்பது உண்டு.

ஆனால் இந்த அணிக்கும் ஊருக்கும் உள்ள உறவு டிக்கெட்டில் தொடங்கவில்லை.

1931-ல் நாட்டில் பெரிய பஞ்சம். வேலை இல்லாத் திண்டாட்டம். அந்தக் காலத்தில்தான் "மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்" என்ற ஆட்ட அரங்கம் ஐந்தாறு மாதங்களில் எழுந்தது. கட்டடத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியைப் பணமாக வாங்கவில்லை. அரங்கத்தின் பங்குகளாகப் பெற்றுக்கொண்டார்கள்! அந்த அரங்கத்தின் உச்சியிலிருந்து பாஸ்டர் ஹியூவிட் ரேடியோவில் ஆட்டத்தை வருணித்தார். சனிக்கிழமை இரவு வந்தால் தொலைதூரப் பண்ணை வீட்டிலும் குடும்பம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது. அணி 1999-ல் புது அரங்கத்துக்கு மாறியது. சனிக்கிழமைப் பழக்கம் மாறவில்லை.

தமிழ் வீட்டிலும்

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கனடாவுக்குப் போயின. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பலர் குடியேறினார்கள். வெயில் நாட்டில் பிறந்த பெற்றோருக்குப் பனிக்கட்டி ஹாக்கி புதிது. பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்த பிள்ளைதான் அப்பாவுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பஞ்சாபி மொழியிலும் 2008 முதல் வருணனை வந்தது. புது ஊருக்கு வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து கவலைப்படத் தொடங்கினால், அது அவர்களுக்கும் சொந்த ஊர் ஆகிவிடுகிறது!

பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

இங்கேதான் ரசிகருக்கு ஒரு சங்கடம். 1967-ல் 10 வயதுப் பையனாக இருந்தவருக்கு 2027-ல் 70 வயது. அவருடைய மகன் கோப்பையைப் பார்க்கவில்லை. பேரனும் பார்க்கவில்லை. பேரன் கேட்கிறான்: "தாத்தா, எனக்கும் நீலச் சட்டை வாங்கித் தருவீர்களா?"

வாங்கித் தரலாமா? ஜெயிக்கிற அணி எத்தனையோ இருக்கின்றன. பாவம், இந்தப் பிள்ளைக்கும் துக்கத்தைச் சொத்தாகக் கொடுக்க வேண்டுமா?

டொரண்டோவில் வாங்கித்தான் தருகிறார்கள்! ஏனென்றால் சட்டையோடு துக்கம் மட்டும் போவதில்லை. சிறுமியின் கடிதம் போகிறது. பாரில்கோவின் கோல் போகிறது. தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார நூற்றுக்கணக்கான இரவுகள் கிடைக்கின்றன. தோற்ற அன்று "அழாதே, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கிறார். ஆட்டத்தில் மட்டுமா அந்தச் சொல் வேண்டியிருக்கிறது?

சீசன் தொடங்கும் நாளில் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஜெயித்தால் 2 புள்ளி. கூடுதல் நேரத்தில் தோற்றால் 1 புள்ளி. இன்னும் யாரும் ஆடவில்லை. போன வருஷம் கோப்பை வாங்கிய அணிக்கும் 0. டொரண்டோவுக்கும் 0.

பணக்காரன், ஏழை இல்லை. ஜெயித்தவன், தோற்றவன் இல்லை. எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். வருஷத்தில் அப்படி ஒரு நாள் வருகிறது. அந்த ஒரு நாள் போதும், ரசிகர் மறுபடியும் நம்புவதற்கு!