பத்துக் குழந்தைக்கு ஓர் ஆசிரியர்: வருவாரா? வந்தால் தங்குவாரா?

ஒரு சட்டையில் ஆறு பித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் பையன்கள் நடந்துகொண்டே மாட்டிவிடுவார்கள்.

அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு குழந்தைக்கு அந்த ஆறு பித்தானைப் போடக் கற்றுக்கொடுக்க மாதக்கணக்கில் ஆகலாம்!

எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் தெரியுமா?

முதல் நாள் ஆசிரியை ஐந்து பித்தானையும் தாமே போட்டுவிடுவார். ஆறாவது பித்தானையும் துவாரத்தில் பாதி நுழைத்துவிடுவார். மீதிப் பாதியை வெளியே இழுப்பது மட்டும்தான் குழந்தையின் வேலை. இழுத்தவுடன் சட்டை போட்டாகிவிட்டது! குழந்தைக்கு ஒரே சந்தோஷம். சில நாள் கழித்து, பித்தானைத் துவாரத்தின் வாய்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார். குழந்தையே நுழைத்து இழுக்க வேண்டும். அதுவும் பழகிய பிறகு கடைசிப் பித்தான் முழுவதும் குழந்தையின் பொறுப்பு. பிறகு கடைசி இரண்டு. பிறகு மூன்று.

ஏன் கடைசியிலிருந்து? மேலிருந்து ஆரம்பித்தால் குழந்தை முதல் பித்தானிலேயே சோர்ந்துவிடும். வேலையை முடித்தோம் என்ற மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கவே கிடைக்காது. கடைசியிலிருந்து ஆரம்பித்தால் அந்த மகிழ்ச்சி தினமும் கிடைக்கும்.

இது பார்வைக்கு விளையாட்டு. ஆனால் படித்து, பழகித் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில். இந்தத் தொழில் தெரிந்தவர்களைத்தான் சிறப்பு ஆசிரியர் என்கிறோம். நாட்டில் இவர்களுக்குப் பெரிய பஞ்சம்!

அன்பு மட்டும் போதாது

"குழந்தைகளிடம் அன்பாக இருந்தால் போதாதா? இதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு.

பார்வை இல்லாத குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெய்ல் எழுத்து என்பது ஆறு புள்ளிகள். அந்த ஆறு புள்ளிகளை வைத்தே தமிழின் அத்தனை எழுத்தும் எழுதலாம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ம் ஆண்டு "பாரதி பிரெய்ல்" முறை ஏற்பட்டது. கெட்டித் தாளைச் சட்டத்தில் வைத்து ஊசியால் குத்த வேண்டும். குத்துவது வலமிருந்து இடம்! தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக எழும்பி நிற்கும். அப்போது இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு அன்பு இருந்தாலும் இது தானாக வந்துவிடாது.

காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய நிகழ்ச்சிகளைப் படம் படமாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்ட வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் அந்தக் குழந்தை தவித்துப் போகும். ஒருவருக்குத் தெரிந்த முறை இன்னொருவருக்கு உதவாது.

பல் உடைந்தது!

ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது, தயார் செய்வது, தக்கவைத்துக்கொள்வது என்ற மூன்றும் சரியாக அமைந்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்த கதை அதற்குச் சாட்சி.

அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1880-ம் ஆண்டு ஹெலன் கெல்லர் பிறந்தாள். பத்தொன்பதாவது மாதத்தில் கடும் காய்ச்சல். காய்ச்சல் போயிற்று, கண்ணும் காதும் கூடவே போயின. பேச்சும் வரவில்லை. வளர வளரக் குழந்தை முரண்டு பிடித்தது. கையில் கிடைத்ததை எறிந்தது. அடுத்தவர் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டது.

பெற்றோர் டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லிடம் போனார்கள். காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்வதில் பெல் கைதேர்ந்தவர். பாஸ்டன் நகரில் பார்வை இல்லாதவர்களுக்காக நடக்கும் பெர்கின்ஸ் பள்ளிக்கு எழுதுங்கள் என்று அவர் சொன்னார். பள்ளியின் தலைவர் மைக்கேல் அனக்னாஸ். கடிதத்தைப் பார்த்ததும் தம் மாணவி ஒருத்தியின் நினைவு அவருக்கு வந்தது.

அவள் பெயர் ஆனி சல்லிவன். வயது 20. பரம ஏழை. தாய் இறந்ததும் ஆனியும் தம்பியும் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். தம்பி அங்கேயே செத்துப்போனான். ஆனிக்குக் கண் நோய். பார்வை மங்கிக் கிடந்தது. விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தபோது, பள்ளிக்கூடம் அனுப்பும்படி அவர்களைக் கெஞ்சி வழி தேடிக்கொண்டாள். பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தபோது வயது 14. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது! ஆறே ஆண்டில் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினாள். இடையில் நடந்த அறுவைச் சிகிச்சையால் பார்வையும் ஓரளவு திரும்பியது.

மாதம் 25 டாலர் சம்பளம். சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்று ஏற்பாடாயிற்று. ஆனி உடனே ரயில் ஏறிவிடவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அதே பெர்கின்ஸ் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற மூதாட்டி இருந்தார். அவருக்கும் கண் தெரியாது, காது கேட்காது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் டாக்டர் ஹோ என்பவர் அவருக்குக் கல்வி கொடுத்து உலகத்தையே வியக்க வைத்தார். என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஹோ எழுதிவைத்த அறிக்கைகள் பள்ளியில் இருந்தன. ஆனி பல மாதம் உட்கார்ந்து அவற்றை எல்லாம் படித்தார். உள்ளங்கையில் விரலால் எழுத்துக் காட்டும் முறையும் அவருக்குத் தெரியும். அதன் பிறகே புறப்பட்டார்.

1887-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி டஸ்கம்பியா வந்து சேர்ந்தார். வந்த சில நாளில் ஹெலன் கொடுத்த அடியில் அவருடைய முன்பல் ஒன்று உடைந்தது!

சாப்பாட்டு மேஜையில் தினமும் போர். குழந்தை அழுதால் வீட்டார் உருகிவிடுவார்கள். இப்படியே போனால் பாடம் நடக்காது என்று ஆனி கண்டுகொண்டார். தோட்டத்து வீட்டுக்குக் குழந்தையை அழைத்துப்போய்த் தனியே வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் குழந்தை அடங்கியது. ஏப்ரல் 5-ந் தேதி, குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் "தண்ணீர்" என்ற சொல்லை ஆனி எழுத, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது ஹெலனுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே முப்பது சொல் கற்றாள். இந்தக் கதை பாடப் புத்தகம்வரை வந்துவிட்டது.

பாடப் புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. ஆனி அங்கே தனியாக விடப்படவில்லை. பெர்கின்ஸில் தாய்போல் இருந்த ஹாப்கின்ஸ் அம்மாளுக்கு அவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். இன்று தோற்றேன், இன்று ஜெயித்தேன், நாளை இப்படிச் செய்து பார்க்கப் போகிறேன் என்று மனம் விட்டு எழுதினார். கேட்க ஓர் ஆள் இருந்தது.

1904-ல் ஹெலன் கெல்லர் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். வகுப்பில் பேராசிரியர் பேசிய அத்தனையையும் ஆனி பக்கத்தில் இருந்து கையில் எழுதிக் காட்டினார். தம் கண் கெட்டுக்கொண்டே வந்தும் விடவில்லை. 1936-ல் இறக்கும்வரை 49 ஆண்டு அவர் ஹெலனைப் பிரியவில்லை!

எல்லா ஆசிரியரிடமும் இதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லைதான். குடும்பம், குழந்தை, வாடகை என்று ஆயிரம் இருக்கிறது.

பாளையங்கோட்டையில்

ஆனி சல்லிவன் டஸ்கம்பியா போன அதே 1887-ல், அமிர்தசரஸ் நகரில் ஆனி ஷார்ப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி பார்வை இல்லாதவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். தமிழ்நாடும் பின்தங்கிவிடவில்லை. பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வை இல்லாதவர்களுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்கும் பள்ளி வைத்தார்கள். நூறாண்டு கடந்தும் அந்த ஊரில் அந்தப் பணி தொடர்கிறது.

அக்காலத்தில் பள்ளியும் ஒன்று, ஆசிரியரும் ஒருவர். அவர் போனால் எல்லாம் போயிற்று. இன்று அப்படி இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்ற அமைப்புக்கு 1992-ல் சட்டம் வந்தது. அது ஒப்புக்கொண்ட படிப்பைப் படித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் சிறப்பு ஆசிரியர். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு! சென்னைக்குத் தெற்கே கடலோரம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 2005-லிருந்து நடக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கான நிறுவனம் அது. ஆசிரியர் பயிற்சியும் அங்கே உண்டு. கோவையிலும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

ஆகவே படிக்க இடம் இருக்கிறது. படித்தவர்களும் இருக்கிறார்கள். பிறகு ஏன் பஞ்சம்?

நாற்காலி எங்கே?

சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சிலர் 2016-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பள்ளிகளில் எங்களுக்கு நிரந்தர இடமே இல்லை. ஒப்பந்தக் கூலிபோல வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் குறை.

2021-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. எத்தனை குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்று மத்திய அரசு கணக்கு வகுக்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. அதுவரைக்கும் ஒரு தற்காலிகக் கணக்கும் கொடுத்தது. அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகள் ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர். கண்ணும் காதும் இரண்டும் இல்லாத குழந்தைகள் என்றால் இரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர்! 2022-ல் அரசு கணக்கு வகுத்தது. தொடக்கப் பள்ளியில் பத்துக் குழந்தைக்கு ஒருவர். அதற்கு மேல் பதினைந்து குழந்தைக்கு ஒருவர்.

கணக்கு வந்தது. ஆள் வந்தாரா? 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் வழக்கு மறுபடி கோர்ட்டுக்கு வந்தபோது, பல மாநிலங்கள் எத்தனை இடம் வேண்டும் என்றுகூடக் குறிக்கவில்லை என்பது தெரிந்தது. நீதிபதிகள் வருந்தினார்கள். இடங்களைக் குறித்து, விளம்பரம் செய்து, தகுதி உள்ளவர்களை நியமிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சில மாநிலங்களில் சிலர் இருபது ஆண்டாகவே ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்பதையும் கோர்ட்டு எடுத்துச் சொன்னது. அவர்களுடைய தகுதியைப் பார்த்து நியமிக்கக் குழு அமைக்கவும் உத்தரவாயிற்று.

இருபது ஆண்டு! வேலைக்குச் சேர்ந்த அன்று பிறந்த குழந்தை கல்லூரிக்கே போய்விட்டிருக்கும்.

ஏன் போய்விடுகிறார்கள்?

அரசுப் பள்ளியின் சிறப்பு ஆசிரியர் பலருக்கு ஒரே பள்ளி கிடையாது. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று சுற்ற வேண்டும். இடையில் மருத்துவ முகாம். ஊனச் சான்றுக்குப் படிவம். சக்கர நாற்காலிக்கும் காதுக் கருவிக்கும் கணக்கு. படுத்த படுக்கையாக உள்ள குழந்தைக்கு வீட்டுக்கே போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தொகுப்பூதியம். பதவி உயர்வு என்ற பேச்சு இல்லை. ஒரு பள்ளியில் வகுப்பு ஆசிரியர் வரவில்லை என்றால், "நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நாற்பது பிள்ளைகளை அவரிடம் விட்டுவிடுவதும் உண்டு. அன்று பித்தான் பாடம் நடக்காது.

சம்பளத்தைவிடத் தனிமை பெரிது. வகுப்பு ஆசிரியர்கள் பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுவும் இல்லை. ஆனி சல்லிவனுக்கு ஒரு ஹாப்கின்ஸ் அம்மாள் இருந்தார். இவருக்கு யார்?

ஆகையால் பரீட்சை எழுதிச் சாதாரண ஆசிரியராகப் போகிறவர் போகிறார். பட்டணத்தில் தனியார் பயிற்சி மையம் வைக்கிறவர் வைக்கிறார். வெளிநாடு போகிறவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் இதே கதைதான். எல்லாக் குழந்தைக்கும் கல்வி என்று 1975-லேயே சட்டம் போட்ட நாடு அது. அங்கேயும் சிறப்பு ஆசிரியர் பற்றாக்குறை ஓயவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தெய்வத் தொண்டு" என்று மேடையில் பேசி, இவர்களுக்குச் சால்வை போடுவது வழக்கமாகிவிட்டது. தொண்டு என்று சொல்லிவிட்டால் சம்பளம் கேட்க வாய் வராது அல்லவா? டாக்டரையும் என்ஜினியரையும் யாரும் இப்படிச் சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதில்லை.

பாதியில் நின்ற பித்தான்

ஓர் ஆசிரியை வேலையை விட்டுப் போனால் பதிவேட்டில் ஒரு பெயர் அடிபடும். குழந்தைக்கு என்ன ஆகும்?

நான்காவது பித்தான்வரை வந்திருக்கும். புது ஆள் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் வீட்டில் அவசரம். தாய் காலையில் சமைத்து, வேலைக்கும் ஓட வேண்டும். அவளே ஆறு பித்தானையும் போட்டுவிடுவாள். மூன்று மாதத்தில் குழந்தையின் விரல் மறந்துவிடும். புதிதாக வருகிறவர் குழந்தையோடு பழகவே சில வாரம் வேண்டும். முன்பு இருந்தவர் எதுவரை சொல்லிக்கொடுத்தார் என்று நோட்டில் எழுதிவைத்திருந்தால் நல்ல காலம். ஹோ எழுதிவைத்ததால்தான் ஆனி படிக்க முடிந்தது.

அதனால்தான் புது டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாய்மார் கேட்டுவிடுகிறார்கள்: "அடுத்த வருஷமும் நீங்கதானே வருவீங்க?"